ஆஸ்பத்திரி கூட்டும் அம்மாவுக்கு ஏன் அரசாங்கச் சம்பளம் இல்லை?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். அம்மா நுவரெலியா மாவட்டத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறார். வேலைக்கு வைத்திருப்பது ஒரு கம்பெனி. ஒரு நாள்கூட லீவு எடுக்காத மாதத்திலும் கையில் வருவது 24,000 ரூபா. அதே வாட்டில் அதே தரையைத் துடைக்கும் அரசாங்க ஊழியருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. "வாழப் போதுமான சம்பளம் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது அம்மா மாதிரி ஆட்களுக்கு வராதா? அரசாங்கத்துக்கு உண்மையிலேயே முடியாதா? நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் இருபது வருடத்துக்கு மேல் சம்பள முறைப்பாடுகள் எழுதிக் கொடுத்தவன் நான். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் தோட்டத்து முறைப்பாடுகள்தான். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும் போட்டார்கள், பறித்த கொழுந்தின் கிலோவை வெட்டினார்கள், சேமலாப நிதி கட்டவில்லை. கடைசிப் பத்து வருடத்தில் உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி கூட்டுகிறவர்கள், அரசாங்கக் காரியாலய வாசலில் காவல் நிற்கிறவர்கள், ரோட்டு வேலைக்கு மான்பவர், அதாவது ஆள் கொடுக்கும் கம்பெனி மூலம் போகிறவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அம்மாவின் சம்பளத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று சட்டத்தை மீறிப் போட்ட ஓட்டை. அதைத் தொழில் காரியாலயத்தில் அடைக்கலாம். மற்றது சட்டமே விட்டு வைத்திருக்கும் ஓட்டை. அது போடப்படுவது கம்பெனியில் இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கும் கேள்விப்பத்திரத்தில், அதாவது டெண்டரில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் ஓட்டையைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோது மாதச் சம்பளம் 10,000 ரூபாவுக்குக் குறையக்கூடாது என்றார்கள். 2024இல் அது 17,500 ஆனது. 2025இல் மறுபடியும் திருத்தி, ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000 என்று வைத்தார்கள். நாட்கூலி என்றால் 1,200. இது கம்பெனி ஆட்களுக்கும் சேர்த்துத்தான். இந்த 30,000இல் இருந்து அம்மாவின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா வெட்டலாம். மிச்சம் 27,600 கைக்கு வர வேண்டும். வருவது 24,000. 3,600 ரூபாவைக் காணவில்லை.

நீங்கள் எழுதிய அந்த 24,000 என்ற தொகையைக் கண்டதுமே எனக்கு ஒரு சந்தேகம். 30,000இல் 20 வீதம் 6,000. தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்தால் அந்த 20 வீதம். கம்பெனி தன் பையில் இருந்து போட வேண்டிய பங்கையும் அம்மாவிடமே வெட்டுகிறதோ என்று நினைக்கிறேன். சம்பளச் சீட்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வெட்டிய சீட்டுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. சிலவற்றில் அது ஒரே வரியாக "சேமலாப நிதி" என்று மட்டும் இருக்கும், எவ்வளவு வீதம் என்று இருக்காது. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் வந்த நாளில் இருந்தே முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. மாதம் 3,600 என்றால் வருடத்துக்கு 43,200. கைக்கு வர வேண்டிய ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் கூட.

ஒரு அக்கா கொண்டுவந்த சீட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மழையில் நனைந்து, நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அதில் "உடுப்பு" என்று ஒரு வெட்டு. "அடையாள அட்டை" என்று ஒரு வெட்டு. ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற நாள் அது. "ஐயா, இதில் எது சரி, எது பிழை என்று மட்டும் சொல்லுங்கள், சண்டைக்கு வரவில்லை" என்றார். வராத நாளுக்கு ஒரு நாள் கழிக்கலாம், மற்றதெல்லாம் பிழை என்றேன். சீட்டைத் திரும்ப மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, "அப்போ இவ்வளவு நாளும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சரி, முதல் ஓட்டையை அடைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கையில் 27,600. அது வாழப் போதுமா?

வாழ்வதற்கான சம்பளம் என்றால் என்ன என்பதில் நீண்ட நாள் இழுபறி இருந்தது. சர்வதேச தொழில் தாபனம் 2024 பெப்ரவரியில் நிபுணர்களைக் கூட்டி ஒரு பொது விளக்கத்துக்கு வந்தது. சுருக்கமாகச் சொன்னால், தொழிலாளியும் குடும்பமும் அந்த நாட்டு நிலைமைக்கு ஏற்றபடி கௌரவமாக வாழத் தேவையான சம்பளம், அதையும் வழமையான வேலை நேரத்துக்குள் உழைத்தே பெறக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். காவல் வேலைக்குப் போகிறவர்கள் 12 மணித்தியால முறைகளைத் தொடர்ந்து செய்துவிட்டு "ஐம்பதாயிரம் வருகிறதே" என்பார்கள். அது இரண்டு ஆளின் வேலை. உடம்பை விற்று வரும் காசு வாழ்க்கைச் சம்பளக் கணக்கில் சேராது.

குறைந்தபட்சச் சம்பளம் வேறு, வாழ்க்கைச் சம்பளம் வேறு. முன்னது நாடாளுமன்றத்தில் முடிவாகிறது. பின்னது அடுப்படியில் முடிவாகிறது. அம்மாவோடு உட்கார்ந்து ஒரு மாதக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். நாலு பேருக்கு மாதம் 35 கிலோ அரிசி வேண்டும். நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் அரசாங்கம் வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. அரிசி மட்டும் 8,050. மா, பருப்பு, தேங்காய், எண்ணெய், சீனி, ஆயிரத்தைத் தாண்டும் ஒரு பால்மா பைக்கற்று, வாரத்துக்கு ஒரு நாளாவது மீனோ முட்டையோ. அப்புறம் பஸ், கரண்ட், போன், டியூஷன். நம் ஊருக்கென்று சில செலவுகளும் உண்டு, கொழும்பில் கணக்குப் போடுகிறவர்களுக்கு அவை தெரியாது. மாரி காலத்தில் பிள்ளையின் சப்பாத்து மூன்று நாளானாலும் காயாது, அதனால் இரண்டு சோடி வேண்டும். கம்பளி வேண்டும், வெந்நீர் போட விறகோ காஸோ வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு கண்டிக்கோ பதுளைக்கோ துண்டு கொடுத்தால், போய்வருவதற்கே ஒரு நாள் சம்பளம் போய்விடும், வேலைக்கு வராத வெட்டு வேறு.

அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதா மாதம் வெளியிடும் வறுமைக் கோடு. 2024 தொடக்கத்தில் அது தலைக்கு மாதம் 17,000 ரூபா அளவில் இருந்தது. அதன் பிறகு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கணக்கின் போக்கு மாறவில்லை. நாலு பேருக்கு 68,000. கவனியுங்கள், இது வசதியாக வாழும் கோடு இல்லை, இதற்குக் கீழே போனால் ஏழை என்று அரசாங்கம் எண்ணும் கோடு. புருஷனும் பெண்சாதியும் இருவருமே குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்து, ஒரு ரூபா திருட்டுப் போகாமல் வாங்கினாலும் கையில் 55,200. அரசாங்கத்தின் வேலையைச் செய்துவிட்டு, அரசாங்கத்தின் கோட்டுக்கே கீழே நிற்கிறார்கள். நாட்டில் 14.3 வீதமானவர்கள் ஏழைகள் என்று காட்டிய அதே 2019 கணக்கெடுப்பில் தோட்டப் பகுதிகளில் 33.8 வீதம் என்று இருந்தது. அது நெருக்கடிக்கு முன்னைய கணக்கு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்கு ஏறியபோது நம் வீடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது அதே வாட்டில் நிற்கும் மற்ற அக்காவைப் பார்ப்போம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து 40,000 ஆக்கினார்கள். கட்டம் கட்டமாக ஏறி 2027 ஜனவரியில் முழுமையாகும். அதன் மேல் 17,800 ரூபா வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு. பென்ஷன் உண்டு, பண்டிகை அட்வான்ஸ் உண்டு, ரயில் வாரண்ட் உண்டு, அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி உண்டு. அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022க்குப் பிறகு அந்தச் சம்பளத்திலும் கடன் வாங்கித்தான் வாழ்ந்தார்கள். அம்மாவின் கோபம் அந்த அக்கா மேல் திரும்பிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இருவரும் ஒரே வாளியில் தண்ணீர் எடுக்கிறவர்கள்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? கேள்விப்பத்திரத்தில். இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஆஸ்பத்திரி துப்புரவுக்கு விலை கேட்கிறது. கம்பெனிகள் விலை போடுகின்றன. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்காரருக்கே வேலை போகும். ஒரு ஆளை மாதம் முழுக்கச் சட்டப்படி வேலைக்கு வைக்க என்ன செலவாகும்? சம்பளம் 30,000. சேமலாப நிதி 12 வீதம், 3,600. முதலாளி மட்டும் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், 900. வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடைக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டும், அதை மாதத்துக்குப் பிரித்தால் 1,250. கூட்டிப் பாருங்கள், 35,750. இன்னும் ஒரு கையுறைகூட வாங்கவில்லை. சப்பாத்து, உடுப்பு, பினாயில், தும்புத்தடி, மேற்பார்வையாளர், லீவு போகிறவருக்குப் பதில் ஆள், காரியாலயச் செலவு, கடைசியாக இலாபம், எல்லாம் இதற்கு மேலேதான்.

இப்போது ஒரு கம்பெனி வரி நீங்கலாகத் தலைக்கு 36,000 என்று விலை போட்டால், அந்தக் கோப்பைக் கையில் எடுக்கும் உத்தியோகத்தருக்கு என்ன தெரிய வேண்டும்? மிச்சம் இருக்கும் 250 ரூபாவில் மற்ற எல்லாவற்றையும் ஒருவனால் செய்ய முடியாது என்று தெரிய வேண்டும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டால், தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்க அந்த மேசையிலேயே அனுமதி கொடுத்ததாகிறது. வெட்டுகிறவன் கம்பெனிக்காரன்தான், அவன் குற்றவாளிதான். ஆனால் சட்டப்படி நடக்க நினைத்த கம்பெனி அதே கேள்வியில் 45,000 போட்டுத் தோற்றுப் போயிருக்கும். ஒழுங்காகக் கொடுக்கிறவனைத் தோற்கடிக்கும் முறை இது. வருடா வருடம் இதையே செய்தால் யார் மிஞ்சுவார்கள்?

இன்னொன்று. அம்மா ஏழு வருடத்தில் எத்தனை நிறச் சட்டை போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று நிறமாவது இருக்கும். ஆஸ்பத்திரி மாறவில்லை, வாட் மாறவில்லை, காலையில் வாசல் திறக்கும் நேரமும் மாறவில்லை. கம்பெனி மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒன்று மாறியிருக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளியிடம் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் ஏழு வருடம் என்றால் இன்றைய 30,000 சம்பளத்துக்கு 105,000 ரூபா. மூன்று கம்பெனியில் இரண்டு இரண்டரை வருடமாகப் பிரிந்ததால், ஒரு சதமும் இல்லை. சட்டைக்கு நிறம் மாறும்போதெல்லாம் அம்மாவின் சேவைக்காலம் முதலாம் நாளில் இருந்து தொடங்குகிறது.

நம் ஆட்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. துரைக்கும் கூலிக்கும் நடுவில் கங்காணி நின்ற காலம் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். துரை கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார், கடனும் கணக்கும் கங்காணி கையில். ஆட்களைக் கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்கூலி வைத்தது. அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அந்த இடைவெளியை மூட 1984 வரை போக வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் தோட்டத்தில் ஆண் பெண் நாட்சம்பளம் ஒன்றானது. இவ்வளவும் நடந்த பிறகு, தலைக்கு இவ்வளவு என்று ஆள் பிடிக்கும் முறை அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் திரும்ப வந்து நிற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அரசாங்கம் நேரே ஆள் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். மலையகப் பாடசாலைகளுக்கு 3,000 பேர் அளவில் ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. பிறகு 10,000. முழு நேரமும் கரும்பலகை முன்னால் நின்றவர்கள் அவர்கள். பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்டினார்கள். பல வருடம் போராடித்தான் ஆசிரியர் சேவைக்குள் போனார்கள். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ என்று அரசாங்கத்துக்குச் சொந்தமான தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வருடக் கணக்காக நிலுவையில் கிடந்த கதை நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. முதலாளி அரசாங்கம் என்பதால் மட்டும் சம்பளம் ஒழுங்காக வந்துவிடாது. எழுதி வைத்து, கேட்க ஆள் இருந்தால்தான் வரும்.

பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்படிக்கை செய்த நாடு இது, திறைசேரியின் கை கட்டப்பட்டிருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கணக்குப் போடாமலே "முடியாது" என்கிறார்கள். நாமே போட்டுப் பார்ப்போம். கம்பெனி ஆட்களுக்கும் ஆகக் குறைந்த அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளமான 40,000 கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். 10,000 கூடும், அதற்கு நிதிகள் 15 வீதம் 1,500, பணிக்கொடைக்கு 417. ஆளுக்கு 12,000க்குச் சற்றுக் குறைவு. 20 பேர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு மாதம் 240,000 ரூபாவுக்கு உள்ளே. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 20 குடும்பத்தை வறுமைக் கோட்டின் பக்கமாவது ஏற்றிவிடும் தொகை அது. இப்போதைய முறையில் கம்பெனியின் இலாபத்தையும் அரசாங்கமே கொடுக்கிறது. 18 வீதப் பெறுமதி சேர் வரியை ஒரு கையால் கட்டி மறு கையால் வாங்குகிறது. இந்தச் செலவுகளைக் கழித்துவிட்டுத்தான் "நேரே எடுத்தால் கூடுதல் செலவு" என்று சொல்ல வேண்டும்.

40,000 கூட வாழ்க்கைச் சம்பளம் ஆகாது. அம்மா எழுதும் கொப்பியே அதைச் சொல்லும். ஆனால் ஒரே வாசலால் போகிறவர்களுக்கு ஒரே அடித்தளம் என்று ஒரு தடவை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஏறும்போது எல்லோரும் சேர்ந்து ஏறுவார்கள். இன்றைக்கு அரச ஊழியருக்கு ஏறும்போது அம்மா கீழேயே நிற்கிறார்.

மனம் இருந்தால் முடியும் என்பதற்குத் தோட்டச் சம்பளத்தையே பார்க்கலாம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2024இல் 1,700 என்று அறிவித்து, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,350 வந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதோடு, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாவை அரசாங்கமே போட்டு 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். அதற்கு 500 கோடி ரூபா ஒதுக்கினார்கள். தனியார் கம்பெனியின் தேயிலையைப் பறிக்கிறவருக்குத் திறைசேரியில் இருந்து 200 ரூபா கொடுக்க முடிகிறது என்றால், அது நல்ல காரியம், நான் வரவேற்கிறேன். தன் சொந்த ஆஸ்பத்திரியைக் கூட்டுகிறவருக்கு மட்டும் ஏன் வழியில்லை?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் பால்டிமோர் என்ற நகரத்தில் சாப்பாடு கொடுக்கும் இடங்களுக்கு வருகிறவர்களில் பலர் முழு நேர வேலை செய்கிறவர்கள் என்பதைப் பாதிரிமார் கவனித்தார்கள். சேர்ச்சுகளும் ஒரு தொழிற்சங்கமும் சேர்ந்து போராடின. 1994 டிசம்பரில் நகரசபை சட்டம் போட்டது. நகரத்தின் ஒப்பந்த வேலை எடுக்கும் எந்தக் கம்பெனியும் மணித்தியாலத்துக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், முதலில் அது 6 டொலர் 10 சதம் என்று. பிறகு எல்லாக் கம்பெனியும் அந்த அடித்தளத்துக்கு மேலேதான் விலை போட்டாக வேண்டும். இந்தியாவில் 1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில், ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் பிரதான முதலாளியே கொடுத்துவிட்டு அவரிடம் கழித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். நம் நாட்டில் மான்பவர் வேலைக்கென்று அப்படித் தனிச் சட்டம் இன்னும் இல்லை. இந்தக் குறைதான் அம்மாவின் இரண்டாவது ஓட்டை.

டித்வா புயல் வந்த 2025 நவம்பர் கடைசியை நினைத்துப் பாருங்கள். மண் சரிந்து ரோட்டெல்லாம் மூடிக் கிடந்தது. அந்தச் சேற்றுக்குள்ளும் ஆஸ்பத்திரி நடந்தது என்றால் யாரோ ஒருவர் அந்தத் தரையைக் கழுவியிருக்க வேண்டும். அவர்கள் பெயரை எந்தப் பாராட்டுக் கூட்டத்திலும் நான் கேட்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அம்மா தனக்கென்று ஒரு சின்னக் கொப்பி வைத்து, தினமும் வந்த நேரம், போன நேரம் எழுதட்டும். கம்பெனியின் வரவுப் புத்தகம் தேவைப்படும் நாளில் காணாமல் போவது வழக்கம். சம்பளச் சீட்டு ஒன்றையும் எறிய வேண்டாம். சீட்டே தராவிட்டால் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக்கு அம்மாவின் அங்கத்துவ இலக்கத்தையும் கம்பெனியின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு அடையாள அட்டையோடு தொழில் காரியாலயத்துக்குப் போய், எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மாதப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு, அது கம்பெனி தலையில். பழைய கம்பெனிகளின் கணக்கையும் விடாதீர்கள். நான் பார்த்த முறைப்பாடுகளில் கூடுதலாகப் பணம் மாட்டிக்கொண்டிருந்தது அங்கேதான்.

அப்புறம் தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அந்த ஆஸ்பத்திரியின் தகவல் உத்தியோகத்தருக்கு நீங்களே தமிழில் எழுதலாம். மூன்று கேள்வி போதும். துப்புரவு ஒப்பந்தத்தின் பிரதி, தலைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கப்படுகிறது, எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "வியாபார இரகசியம்" என்று மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், பொதுப் பணம் பற்றிய விஷயம் என்று எழுதுங்கள். 20 பேருக்குக் காசு வாங்கிக்கொண்டு 15 பேரை வைத்து வேலை வாங்கும் கதைகள் இப்படித்தான் வெளியே வரும்.

தனியாகப் போக வேண்டாம். கேட்டவரை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், அல்லது நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள், அந்தப் பயம் நியாயமானது. ஏழு பேர் சேர்ந்தாலே 1935ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு தொழிற்சங்கம் பதியலாம். இருக்கும் சங்கத்திலும் சேரலாம். நம் பெரிய சங்கங்கள் தோட்டச் சந்தாவைப் பார்த்தே பழகிவிட்டன, டவுனில் கம்பெனிச் சட்டையோடு நிற்கிறவர்களைத் தேடி வருவது குறைவு. இது என் மனக்குறை, சங்கத்துக்குள் இருந்துகொண்டே பல தடவை சொல்லியும் இருக்கிறேன். நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், இப்போதைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மேற்பார்வையாளருக்குத் தெரியும். புதிய கேள்விப்பத்திரம் வெளியாவதற்கு மூன்று மாதம் முன்பாகவே ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கும், மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும், தொழில் ஆணையாளருக்கும் ஒரே கடிதம் போக வேண்டும். நான் மேலே போட்ட 35,750 கணக்கை அதில் அப்படியே வைத்து, இதற்குக் கீழே வரும் விலையை ஏற்கக்கூடாது, சம்பளமும் ஆட்தொகையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும், மாதாந்தக் கொடுப்பனவுக்கு முன் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும், பழைய ஆட்களையே புதிய கம்பெனியும் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து அந்த வாட்டுகளில் வேலை செய்யும் அத்தனை பேருடையதாகவும் இருக்கட்டும். முடிந்தால் அந்த அரசாங்க ஊழிய அக்காவிடமும் ஒரு கையெழுத்துக் கேளுங்கள்.